தெருமுனை பப்பை இடிக்க ஆதரவு லெட்டர் போட்ட நம்ம சங்கக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணா, செயலாளர் அக்கா, கமிட்டியில இருக்கிற மத்த எல்லாருக்கும்,

லண்டன்ல நம்ம தெருமுனை பப்பை இடிச்சிட்டு ஃப்ளாட் கட்ட பில்டர் போட்டிருக்கிற அப்ளிகேஷனுக்கு சங்கம் ஆதரவு தெரிவிச்சு கவுன்சிலுக்கு எழுதின லெட்டரைப் படிச்சேன். குடிக்கிற பப் போகட்டும், அந்த இடத்துல மது இல்லாத ஹால் வேணும்னு இந்தப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் எல்லாரும் ஒருமனதா கேட்டுக்கறதா ஆரம்பிக்குது. நானும் இந்தப் பகுதித் தமிழ்க் குடும்பம்தான், சந்தா கட்டறேன், பொங்கல் விழாவுக்கு வருஷா வருஷம் வடைக்கு மாவு ஆட்டித் தர்றேன், என்னை ஒருத்தரும் கேக்கல. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசல்ல கிளிப்போர்டு நீட்டி "புது ஹால் வரப்போகுது, ஒரு கையெழுத்து போடுங்க"ன்னு மட்டும்தான் சொன்னாங்க, பப் போகப்போகுதுன்னு யாரும் சொல்லலன்னு கையெழுத்துப் போட்டவங்களே சில பேர் எங்கிட்ட வந்து புலம்பறாங்க. அதனாலதான் இதை நாலு சுவத்துக்குள்ள பேசாம எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதறேன்.

அந்த இடம் எப்படி இருக்கும்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா லெட்டரைப் படிச்சா ஏதோ சாராயக்கடை மாதிரி இருக்கு, எழுதினவங்க உள்ள கால் வெச்சதே இல்லன்னு நல்லா தெரியுது. லண்டன் சென்டர்ல டூரிஸ்டுங்க வாசல்ல பூத்தொட்டியோட போட்டோ எடுத்துக்கற பப் கிடையாது இது. வெளிய பெயிண்ட் உரிஞ்சிருக்கும், உள்ள ஒரே ரூம், சிவப்பும் பழுப்புமா பூப்போட்ட கார்ப்பெட், பார் கிட்ட நின்னா ஷூ லேசா ஒட்டும். பெஞ்ச் கிழிஞ்ச இடத்துல எல்லாம் கறுப்பு டேப். மூலையில டார்ட் போர்டு, ஸ்கோர் எழுத ஒரு சிலேட்டு, சாப்பிட ஏதாவது வேணும்னா அட்டையில மாட்டி வெச்சிருக்கிற கடலைப் பாக்கெட்டும் கிரிஸ்ப்ஸும்தான். டிவி இருக்கு, ஃபுட்பால் இல்லாத நாள்ல சவுண்டு வெக்க மாட்டாங்க, பேச்சுக்கு இடைஞ்சலா இருக்கும்னு. சமையல் இல்லாம குடியை மட்டும் நம்பி ஓடற இந்த மாதிரிக் கடையை இந்தத் தொழில்ல வெட்-லெட் பப்னு சொல்றாங்க. பப் மூடுற காலத்துல முதல்ல அடிபடறது பெரும்பாலும் இதுங்கதான்.

கடையை நடத்தற அம்மாவை லேண்ட்லேடின்னு சொல்வோம், அவங்க ஊத்தற பிட்டர்ங்கற பீர் கீழ் அறையில பீப்பாயில இருக்கு, சுமார் 12 டிகிரி குளிர்ல, அதைக் கைப்பம்ப்பால இழுத்து ஊத்தணும். ஒரு பீப்பாயைத் திறந்துட்டா மூணு நாளைக்குள்ள தீத்துடணும், இல்லன்னா புளிச்சுப் போயிடும், கொட்ட வேண்டியதுதான். அப்போ யார் எந்தக் கிழமை வருவாங்க, எவ்ளோ குடிப்பாங்க, யாருக்கு உடம்பு சரியில்ல, யார் ஊருக்குப் போயிருக்காங்கன்னு அவங்க மனசுல கணக்கு ஓடிக்கிட்டே இருக்கணும், அந்தக் கணக்கு தெரியாம அந்த சைஸ் கடையை நடத்தவே முடியாது. இதை வியாபாரம்னு சொல்லுங்க, பாசம்னு சொல்லுங்க, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஹை ஸ்ட்ரீட்ல இருக்கிற பெரிய செயின் பப்ல நான் வருஷம் பூரா போனாலும் கவுன்ட்டர்ல நிக்கற பிள்ளைக்கு நான் யாருன்னு தெரியாது, தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் அதுக்கு இல்ல.

அங்க விஸ்கி பாட்டில் வரிசைக்குக் கீழ ஒரு பலகையில கொக்கி அடிச்சு வெச்சிருக்காங்க, அதுல தொங்கறதெல்லாம் நம்ம தெருவுலயும் பின் தெருவுலயும் தனியா இருக்கிற வயசானவங்க வீட்டு ஸ்பேர் சாவி. பேர் எழுத மாட்டாங்க, திருடன் கையில கிடைச்சாலும் எது யாருதுன்னு தெரியக்கூடாதுன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு கலர் ரப்பர் பேண்ட் சுத்தியிருக்கும், எந்தக் கலர் யாருன்னு லேண்ட்லேடிக்கு மட்டும்தான் தெரியும். போன குளிர்காலத்துல ஆறு மணிக்கு வழக்கமா வர்ற ஐரிஷ் தாத்தா ஏழு தாண்டியும் வரல, போன் எடுக்கல. பச்சை ரப்பர் பேண்ட் சாவியை எடுத்துக்கிட்டு, நான் நர்ஸ்ங்கறதால என்னையும் இழுத்துக்கிட்டு அவங்க போனாங்க. மனுஷன் பாத்ரூம் தரையில இடுப்பு அடிபட்டு எழுந்திரிக்க முடியாம கிடந்தாரு, ஹீட்டிங்கும் போடல. வாழ்க்கை பூரா இந்த ஊர்ல ரோடு போட்ட மனுஷன், சொந்தம்னு இங்க ஒருத்தரும் கிடையாது. நீங்க கேக்கற ஹால்ல ஒருத்தர் புக் பண்ணிட்டு ஏழு மணிக்கு வரலன்னா என்ன ஆகும்? டெபாசிட்டைப் பிடிச்சுக்குவாங்க.

ஹால் வேண்டாம்னு நான் சொல்லல. கல்யாணம், காதுகுத்து, அரங்கேற்றம், கலைவிழா எல்லாத்துக்கும் ஹாலுக்கு நாம படற பாடு எனக்கும் தெரியும். ஆனா ஹாலுக்குப் போகணும்னா ஏதாவது விசேஷம் இருக்கணும், யாராவது கூப்பிடணும், பட்டுப்புடவை எடுத்துக் கட்டணும், மொய்க்கவர் வேணும். கோயிலுக்குப் போனாலும் நாலு பேர் நாலு விதமா விசாரிப்பாங்க. காரணம் எதுவும் சொல்லாம, முன்னாடியே போன் பண்ணாம, டியூட்டி டிரெஸ்ஸுக்கு மேல கோட்டைப் போட்டுக்கிட்டு ஒரு மனுஷி உள்ள போய் உக்காந்து, பேசணும்னா பேசி பேச வேணாம்னா சும்மா இருந்துட்டு எழுந்து வர்ற ரூம் இந்த ஏரியாவுல வேற எங்க இருக்குன்னு எனக்கு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. லைப்ரரி சாயங்காலம் மூடிடும், காபிக்கடையும் மூடிடும். எனக்கு லேட் ஷிஃப்ட் முடியவே ஒன்பதரை ஆகும். வார்டுல ஒரு சாவு நடந்த நாள்ல நேரா வீட்டுக்குப் போய் பிள்ளைங்க முகத்துல முழிக்க முடியாது, அரை மணி நேரம் நடுவுல ஒரு இடம் வேணும். அரை பைன்ட் பிட்டரோ இல்ல லைம் சோடாவோ, எது கேட்டாலும் அங்க ஒரே மரியாதைதான். நான் பொம்பள, தனியா வந்திருக்கேன், ஒருத்தரும் ஏன்னு கேட்டதில்ல, மேல வந்து விழுந்ததும் இல்ல, புதுசா வந்தவன் ஒருத்தன் ஏதோ உளற ஆரம்பிச்சப்போ லேண்ட்லேடி பாத்த ஒரு பார்வையில அவன் மூலைக்குப் போயிட்டான். அங்க இருந்து நான் வெளிய வர்றதைப் பாத்த நம்ம கமிட்டி அண்ணா ஒருத்தர் அடுத்த நாள் கடையில என்னைப் பாக்காத மாதிரி போனாரு. பரவால்ல அண்ணா, உங்களுக்கு மனசுல வருத்தம் இல்லன்னா எனக்கும் இல்ல.

இப்ப குடிக்கு வர்றேன், நீங்க அதைத்தான் பெருசா எழுதியிருக்கீங்க. குடி நம்ம குடும்பங்களை என்ன பண்ணும்னு எனக்குப் பாடம் எடுக்க வேணாம், எங்க சித்தப்பா குடிச்சே போனாரு, சித்தி தாலிக்கொடியை அடகு வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கட்டினாங்க. ஆனா அவர் எப்படிக் குடிச்சாருன்னும் நான் பாத்திருக்கேன். டாஸ்மாக் பின்னாடி நின்னுக்கிட்டே, பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தண்ணி பாக்கெட், ஒரு குவார்ட்டர், முழுசா அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. குவார்ட்டர்னா 180 மில்லி, 42.8 சதவீதம் ஆல்கஹால், பத்து மில்லி சுத்த ஆல்கஹாலை ஒரு யூனிட்னு வெக்கற இந்த நாட்டுக் கணக்குல ஏழரை யூனிட்டுக்கு மேல. நம்ம தெருமுனையில விக்கற 4 சதவீத பிட்டர் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி, ரெண்டேகால் யூனிட் சொச்சம்தான், அதையும் தாத்தாக்கள் ஒரு மணி நேரம் வெச்சு உறிஞ்சுவாங்க. ஒரு வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீங்கன்னு இங்க டாக்டருங்க சொல்றாங்க, ரெண்டு குவார்ட்டர்லயே அது தாண்டிடும். 2003ல மதுச் சில்லறை வியாபாரத்தை அரசாங்கமே எடுத்துக்கிட்டதுக்கு அப்புறம் ஊர்ல நாம பாத்ததெல்லாம் கம்பிக்குள்ள கைய விட்டு பாட்டில் வாங்கற கடைதான், அங்க உக்காந்து பேசறதுக்கு என்ன இருக்கு, சீக்கிரம் குடி, போ. அந்தக் கோவத்தை எடுத்துட்டு வந்து இந்தக் கடை மேல காட்டறீங்க.

அதோட, மப்புல இருக்கிறவனுக்கு ஊத்தறது இந்த நாட்டுல சட்டப்படி குத்தம், 2003 லைசென்சிங் ஆக்ட்லயே இருக்கு. லேண்ட்லேடி ஒருத்தர் கிளாஸைத் திருப்பி வெச்சிட்டு "இன்னைக்கு உனக்கு இவ்ளோதான்"னு சொல்லி டீ போட்டுக் குடுத்ததை நான் கண்ணால பாத்திருக்கேன். சூப்பர்மார்க்கெட்ல செல்ஃப் செக்அவுட்ல விஸ்கி பாட்டில் வாங்கிட்டுப் போய் வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டுக் குடிக்கிறவனுக்கு யார் டீ போடுவா? இன்னொண்ணும் சொல்லிடறேன், கோச்சுக்காதீங்க. நம்ம ஃபங்ஷன் எந்த ஹால்ல நடந்தாலும் கார் பார்க்ல நாலு கார் டிக்கி திறந்துதான் இருக்கும், உள்ள பேப்பர் கப், பிளாக் லேபிள், ஒரு டப்பா மிக்சர், அப்புறம் அந்த நாலு பேர்ல ஒருத்தர்தான் வண்டி ஓட்டிட்டுப் போவாரு. மது இல்லாத ஹால் வேணும்னு லெட்டர்ல கையெழுத்துப் போட்டவங்க பேரை வரிசையா படிச்சப்போ எனக்கு சிரிப்பு தாங்கல.

பப் வெள்ளக்காரன் சமாச்சாரம், நமக்கு எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 1965ல பர்மிங்ஹாம் பக்கத்துல ஸ்மெதிக்ல பப்புக்குள்ள நம்மள மாதிரி தோல் நிறத்துல இருக்கிறவங்களுக்குன்னு தனி ரூம், சில ரூம்ல ஊத்தவே மாட்டாங்க. இந்தியத் தொழிலாளர் சங்கத்துல இருந்த அவதார் சிங் ஜௌஹல் யுனிவர்சிட்டிப் பசங்களைக் கூட்டிட்டுப் போய் அவங்களுக்கு ஊத்தறாங்க எங்களுக்கு ஊத்தலன்னு ஆதாரம் சேத்துப் போராடினாரு. அந்த வருஷம் பிப்ரவரியில அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கு வந்தப்போ அவரையும் புளூ கேட்ஸ்ங்கற பப்புக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அங்க ஸ்மோக் ரூம்ல அவங்களுக்கு ஊத்த மாட்டேன்னுட்டாங்க. டிசம்பர்ல இனப்பாகுபாட்டுச் சட்டம் வந்து அது சட்டவிரோதம் ஆச்சு. ஃபவுண்டரியில இரும்பு உருக்கிட்டு வந்த மனுஷங்க ஒரு பைன்ட்டுக்காகவா அவ்ளோ சண்டை போட்டாங்க? ஊர்க்காரன் உக்கார்ற ரூம்ல நானும் உக்காருவேன்னுதான். இன்னைக்கு அந்தப் பக்கம் பஞ்சாபிங்க நடத்தற தேசி பப்ல மிக்ஸ்டு கிரில் சாப்பிட வெள்ளக்காரங்க எங்கிருந்தோ வண்டி எடுத்துட்டு வர்றாங்க. நாம என்னடான்னா திறந்திருக்கிற கதவை இடிக்க லெட்டர் போடறோம்.

2000ல இந்த நாட்டுல 60,000 பப்புக்கு மேல இருந்துச்சு, இப்ப 45,000 பக்கம் வந்துடுச்சு. வாடகை, கரண்ட் பில், வரி, சூப்பர்மார்க்கெட் விலை, காரணம் நிறைய இருக்கு, ஆனா லண்டன் மாதிரி ஊர்ல பெரிய காரணம் பப் நிக்கற மனையோட விலை. கடை ஓடினாலும் சரி ஓடலன்னாலும் சரி, மேல பன்னெண்டு ஃப்ளாட் கட்டினா வர்ற காசு பீர் வித்து எந்த ஜென்மத்துலயும் வராது. இதனாலதான் 2017 மே மாசத்துல இருந்து இங்கிலாந்துல பிளானிங் பர்மிஷன் வாங்காம பப்பை இடிக்கவோ வேற கடையா மாத்தவோ முடியாதுன்னு ஆக்கினாங்க, லண்டன்ல என்ன கட்டலாம், எதை இடிக்கலாம்னு சொல்ற 2021 லண்டன் பிளான்லயும் பப்பாவே நடத்த ஆள் தேடி 24 மாசம் மார்க்கெட்ல வெச்சிருந்ததுக்கு ஆதாரம் காட்டணும்னு இருக்கு. இந்தக் கடை முன்னாடி லீஸுக்குன்னு ஒரு போர்டு தொங்கினதை நம்மள்ல யாராவது பாத்தோமா? ஆதாரம் பலவீனமா இருக்குன்னா பில்டருக்கு வேற ஏதாவது வேணும், இந்தப் பகுதி மக்களே கேக்கறாங்கன்னு ஒரு லெட்டர். அந்த லெட்டரை நம்ம சங்கம் எழுதிக் குடுத்திருக்கு, அதுவும் ஓசியில.

ஓசியில இல்ல, ஹால் தர்றாங்கன்னு நீங்க சொல்வீங்க. அப்ளிகேஷன்ல இருக்கிற படத்தை நான் உக்காந்து பாத்தேன். தரைத்தளத்துல பைக் ஸ்டாண்டுக்கும் குப்பைத்தொட்டி ரூமுக்கும் நடுவுல ஒரு கட்டம், "வணிக அல்லது சமூகப் பயன்பாடு"ங்கற மாதிரி போட்டிருக்கு. அந்த "அல்லது"ங்கறதுல நாளைக்கு ஒரு பல் ஆஸ்பத்திரி வரலாம், ஒரு எஸ்டேட் ஏஜென்ட் வரலாம். கிச்சன் காட்டல, ஒரே ஒரு டாய்லெட். பந்தி எங்க போடுவீங்க? நம்ம சங்கத்துக்கு எத்தனை நாள், என்ன வாடகை, எத்தனை வருஷத்துக்குன்னு பில்டர் எழுத்துல ஏதாவது குடுத்திருக்காரா? குடுத்திருந்தா ஏன் ஒரு மெம்பருக்கும் காட்டல?

சத்தம் ஜாஸ்தின்னு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா சொல்றது நியாயம், வெள்ளிக்கிழமை ராத்திரி வெளிய நின்னு சிகரெட் பிடிக்கிறவங்க கத்தறாங்க, கைக்குழந்தை வீட்டுக்கு அது தொல்லைதான், அதை நான் மறுக்கல. ஆனா அதுக்கு வழி இருக்கு. மூடுற நேரம், வெளிய நிக்கற இடம், மியூசிக் இதுக்கெல்லாம் லைசென்ஸை ரிவ்யூ பண்ணச் சொல்லி ஒரு தனி ஆளே கவுன்சில்ல கேக்கலாம். அதுக்கு முன்னாடி லேண்ட்லேடிகிட்ட ஒரு வார்த்தை சொன்னாலே போதும், பத்து மணிக்கு மேல வெளிய கிளாஸ் எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு போர்டு மாட்டிடுவாங்க. யாரும் சொன்னதா அவங்களுக்குத் தெரியல, நான் கேட்டேன்.

எழுதி என்ன ஆகப்போகுதுன்னு நினைக்கிறவங்க லண்டன் மைடா வேல்ல கார்ல்டன் டாவெர்ன்ங்கற பப்போட கதையைத் தெரிஞ்சுக்கங்க. 2015 ஏப்ரல்ல பர்மிஷன் இல்லாம அதை இடிச்சுத் தள்ளினாங்க, ஏரியா ஜனங்க விடல, வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் பழையபடியே கட்டிக் குடுன்னு ஆர்டர் போட்டுச்சு, கட்டி 2021ல திறந்தாங்க. தெற்கு லண்டன் நன்ஹெட்ல ஐவி ஹவுஸ்ங்கற பப்பை 2013ல சுத்துப்பட்டு ஜனங்களே ஷேர் போட்டு வாங்கினாங்க. ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ராபின் டன்பார் 2016ல செஞ்ச ஆய்வுல, வழக்கமா போற ஒரு பப் இருக்கிறவங்களுக்கு நெருங்கின சிநேகம் அதிகம், மனசும் திருப்தியா இருக்கு, பெரிய பப்பை விட சின்ன பப்லதான் பேச்சு நல்லா நடக்குதுன்னு சொல்றாரு. பீர் பிரியர் அமைப்பு காம்ராவுக்காக செஞ்ச ஆய்வு அது, சாதகமாத்தான் இருக்கும்னு நீங்க சொல்லலாம், சரி, சாவிப் பலகையை வந்து பாருங்க.

நான் கேக்கறது இதுதான். கமிட்டி அனுப்பின ஆதரவு லெட்டரை வாபஸ் வாங்குங்க, பிளானிங் கமிட்டி கூடறதுக்கு முன்னாடி, எழுத்துல. ஒருமனதாங்கற வார்த்தை பொய்னு அதுலயே சொல்லணும், கையெழுத்து எப்படி வாங்கினீங்கன்னும் சொல்லணும். பில்டர் கூட என்ன பேசினீங்க, யார் பேசினது, என்ன தர்றதா சொன்னாருன்னு மெம்பர்களுக்கு முழுசா அனுப்புங்க.

அப்புறம், 2011 லோக்கலிசம் சட்டப்படி வோட்டர் லிஸ்ட்ல இருக்கிற உள்ளூர்க்காரங்க 21 பேர் சேந்தா இந்த இடத்தை சமுதாயச் சொத்தா பதிவு பண்ணுன்னு கவுன்சில்கிட்ட கேக்கலாம். பதிவாயிட்டா அஞ்சு வருஷம் நிக்கும், அதுக்குள்ள ஓனர் விக்கணும்னா நாமளே வாங்கப் பணம் சேக்க ஆறு மாசம் வரைக்கும் அவகாசம் கிடைக்கும். ஃபாரம் எங்கிட்ட இருக்கு, அதுல பேர் எழுத இடம் காலியா இருக்கு, கமிட்டியில இருந்து ரெண்டு பேராவது பேர் குடுங்க. மாடியில ஒரு ரூம் சும்மா கிடக்குது, வாரநாள்ல ஓசியிலயே தர்றேன்னு லேண்ட்லேடி சொல்லியிருக்காங்க. பிள்ளைங்க கிளாஸுக்கு அது சரிவராது, எனக்கே தெரியும், ஆனா கமிட்டி மீட்டிங்குக்குத் தாராளமாப் போதும், கீழ சமைக்காம சும்மா கிடக்கிற கிச்சன்ல ஞாயித்துக்கிழமை தோசை போட ஆள் இருக்கான்னும் கேட்டாங்க. அடுத்த கமிட்டி மீட்டிங்கை அங்க வைங்க, குடிக்கிறவங்க குடிங்க, குடிக்காதவங்களுக்கு லைம் சோடா நான் வாங்கித் தர்றேன்.

கவுன்சிலுக்குக் கருத்து அனுப்ப கடைசி நாள் இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க பதில் எழுத்துல எனக்கு வரணும். வரலன்னா சங்கத்தோட லெட்டர் எங்க சார்பா இல்லன்னு, கையெழுத்தைத் திருப்பி எடுத்துக்க விரும்பறவங்க பேரோட, நானே கவுன்சிலுக்கு அனுப்பிடுவேன்.

இப்படிக்கு,
உங்க சங்கத்து மெம்பர், பின் தெரு நர்ஸ்